தனித்து வசிக்கும் உரிமை

எனக்கு இருபத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது என் தங்கை என்மேல் வழக்குப் போட்டாள். பத்திரத்தில் வழக்காளி என்று அவளுடைய பெயர் இருந்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு, எங்கள் பேச்சில் கோட்டுக்கு, அலைந்ததும் சட்டத்தரணியோடு கதைத்ததும் அவளைக் கட்டிய மாப்பிள்ளைதான். அவள் ஒவ்வொரு தவணைக்கும் வருவாள். பெண்கள் நிற்கும் பக்கத்தில் என்னிடமிருந்து ஒரு தூண் தள்ளி நின்று, முந்தானை நுனியைப் பல்லில் கடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வழக்கு எங்கள் வாப்பாவின் வீட்டைப் பற்றியது. கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எனக்கும் வாப்பா ஒரு வீடு தந்திருந்தார். கடலுக்குக் கிட்ட, மூன்று அறை. அதில் நான் மூன்று வருடம் வாழ்ந்தேன். பிறகு என் கணவர் பதினொரு நாள் காய்ச்சலில் கிடந்து மௌத்தானார். பிள்ளை இல்லை. அடுத்த வருடம், எழுபத்தெட்டின் கடைசியில் வந்த பெரும் புயல் அந்த வீட்டையும் கொண்டுபோயிற்று. கூரை எங்கே விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. வீட்டு வளவில் பாதியைக் கடல் அரித்துவிட்டது. மிச்சம் இருந்த மணலில் யாரும் வீடு கட்டத் துணியமாட்டார்கள். வாப்பா வந்து, ஒரு பெட்டியோடும் நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் நனைந்துபோன கொப்பிகளோடும் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

தங்கைக்குக் கலியாணம் பேசியபோது அந்த வீட்டைச் சீதனமாக எழுத வேண்டி வந்தது. வாப்பாவிடம் வேறு வீடு இல்லை. உறுதிப் பத்திரத்தில் ஒரு வரியை அவராகவே சேர்க்கச் சொன்னார்: தன் மூத்த மகளும் சீவிய காலம் முழுவதும் இவ்வீட்டில் இருந்துகொள்ளலாம். அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் கண்ணை மூடினார். அவர் போய் நாலு மாதத்தில் அடுப்படியில் தகராறு தொடங்கியது. எந்தப் பானை யாருடையது, தங்கையின் மாப்பிள்ளையுடைய ஆட்கள் வந்தால் நான் எந்த அறைக்குள் ஒதுங்க வேண்டும், நான் பள்ளிக்கூடம் போனபிறகு என் அறையை யார் திறந்தது என்று அது வளர்ந்தது. கடைசியில் தங்கையின் மாப்பிள்ளை, “இருந்துகொள்ளலாம் எண்டா விருந்தாளி மாதிரி இருக்கிறதுதான், பங்கு கேக்கிற இல்ல” என்று சொல்லிக் கோட்டுக்குப் போனார்.

ஒன்றரை வருடம் நடந்து, எண்பத்தொன்றாம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், குரலை உயர்த்தாதவர். வீட்டின் தென்பகுதியில் இரண்டு அறை, பின்பக்கம் சமைக்க ஒரு சின்னக் குசினி, தெருவுக்குப் போகத் தென்புறத்துக் கடப்பு, இவ்வளவும் எனக்கு. “எதிராளி மேற்படி தென்பகுதியில் தமது சீவிய காலம் முழுவதும் தனித்து வசிக்க உரித்துடையவர்” என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்.

எனக்காகத் தோன்றிய சட்டத்தரணி கல்முனையில் பழைய ஆள். ஊரில் எல்லாரும் அவரை இன்னமும் பிறக்கிராசியார் என்றுதான் சொல்வார்கள். வெளியே வந்து, “வெண்டுட்டீங்க டீச்சர்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மாதத்திலேயே தங்கையின் மாப்பிள்ளை வீட்டு மண்டபத்தின் நடுவே கல்லால் சுவர் எழுப்பினார். என் பக்கத்துச் சுவருக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன். அந்த நீதிபதி சில மாதங்களில் வேலையிலிருந்து இளைப்பாறிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதுவும் எனக்கு அப்போது ஒரு செய்தியாகவே படவில்லை.

அந்த வரியில் இருந்த ஒரு சொல்லை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல.

தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கலியாணம் பேசி வந்தார்கள். அவர் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்தவர். மனைவியை இழந்தவர், நாலு வயதில் ஒரு மகள். மனைவி மௌத்தானதும் அந்த வீடு மனைவியின் ஆட்களுக்குத் திரும்பிப் போயிற்று, அதுதான் வழமை. அவர் மகளோடு தன் மூத்த சகோதரி, ராத்தாவின் வீட்டில் ஒரு மூலையில் இருந்தார். அந்த ராத்தாதான் என்னைப் பார்க்க வந்தார். தேத்தண்ணி குடித்து, இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்து, “போதும் புள்ள, மூணு பேருக்கு இது தாராளம்” என்றார். இன்னொரு நாள் அவரும் வந்தார். பள்ளிக்கூட வாசலில், மகளைக் கையில் பிடித்தபடி நின்றார். நாங்கள் ஐந்து நிமிடம் கதைத்திருப்போம். நெல் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் காலமென்பதால் மாவடிப்பள்ளிப் பக்கம் ஓய்வில்லாத வேலை என்றார். மகளுக்கு முட்டை பிடிக்காது என்றார். இந்த இரண்டையும் ஏன் என்னிடம் சொன்னார் என்று அன்று முழுக்க யோசித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செய்தி சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தங்கையின் மாப்பிள்ளை வேலியோரம் வந்து நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்:

“மச்சி, கலியாணம் முடிக்கிறது உங்கட விருப்பம். ஆனா தீர்ப்புல என்ன கிடக்கு எண்டு பாத்தீங்களா? தனித்து வசிக்க எண்டு கிடக்கு. தனித்து எண்டா தனிய. இன்னொரு ஆள் வந்து குடியிருந்தா உங்கட உரிமை முடிஞ்சிது. நான் சொல்லல்ல, கோடு சொல்லியிருக்கு.”

அவர் போனதும் பெட்டியைத் திறந்து தீர்ப்பின் நகலை எடுத்தேன். அந்தச் சொல் அங்கே இருந்தது. எட்டு மாதமாக நான் அதை ‘வேறாக’ என்று வாசித்திருந்தேன். தங்கை குடும்பத்தின் தொல்லை இல்லாமல், என் பாட்டில், எனக்கென்று. இப்போது அதையே அவர் வாசித்த மாதிரியும் வாசிக்க முடிந்தது. ஒருமுறை அப்படி வாசித்தபிறகு பழையபடி வாசிக்க முடியாமல் போயிற்று.

நான் தமிழ் ஆசிரியை. அது ஒரு வினையெச்சம் என்று தெரியும், எந்த வினையைக் கொண்டு முடிகிறது என்று தெரியும். என்ன கருத்து என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்பதாம் வகுப்பில் அதை ஒரு பயிற்சிபோலக் கேட்டேன். “அவள் தன் வீட்டில் தனித்து வசித்தாள்” என்று கரும்பலகையில் எழுதி, இதற்கு என்ன கருத்து என்றேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, “ஒருத்தரும் இல்லாம, டீச்சர்” என்றது. பின்னாலிருந்து இன்னொன்று, “இல்ல டீச்சர், வேற ஆக்களோட சேராம, தன்ட குடும்பத்தோட” என்றது. இரண்டும் சரி என்று சொல்லி அழித்துவிட்டேன்.

எனக்குப் பேசிய மாப்பிள்ளையின் ராத்தாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் நியாயமான மனுஷி. “நாங்க பயப்படல்ல புள்ள. ஆனா என்ட தம்பி ஏற்கனவே ஒரு வீட்டுல இருந்து எழும்பி வந்தவன். புள்ளையையும் கையில வச்சிக்கிட்டு இன்னொருக்கா எழும்ப ஏலாது. நீங்க கோட்டுல ஒரு சொல்லு கேட்டு எடுத்துத் தாங்க” என்றார். வாடகைக்கு ஒரு வீடு எடுத்தால் என்ன என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அன்று எங்கள் ஊரில் வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. நான் அந்த இரண்டு அறையையும் விட்டுப் போனாலும் அதே உரிமை போய்விடும்.

பிறக்கிராசியாரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அந்த வரியை மூன்று முறை வாசித்தார்.

“நீதிபதி ஐயா இங்கிலீஷுல நினைச்சுத் தமிழுல எழுதியிருப்பார்,” என்றார். “என்ட மனசுக்கு உங்கட பக்கம்தான் சரி. ஆனா என்ட மனசு தீர்ப்பில்ல.”

“அப்ப கோட்டுட்டயே கேட்டா?”

“கேக்கலாம். பதில் வருமா எண்டதுதான் சந்தேகம்.”

அவர் எனக்கு விளக்கினார். தீர்ப்பில் எழுத்துப் பிழை, கூட்டல் கழித்தல் பிழை இருந்தால் கோடு திருத்தலாம். இன்னதைச் சொல்ல வந்து கைதவறி வேறொன்று எழுதப்பட்டிருந்தால் அதையும் திருத்தலாம். ஆனால் நீங்கள் எழுதியதற்கு என்ன கருத்து என்று கோட்டிடம் போய்க் கேட்க முடியாது. தீர்ப்பில் குறை இருந்தால் மேல் கோட்டுக்குப் போக வேண்டும், அதற்கு இருந்த கெடுவும் தாண்டிவிட்டது.

“நான் வெண்ட ஆளெல்லோ? எதுக்கு மேல் கோட்டுக்குப் போகணும்?”

“அதுதான் டீச்சர் பிரச்சினை. தோத்திருந்தா போயிருப்பீங்க.”

இன்னொரு வழியும் சொன்னார். “நீங்க நிக்காஹை முடிச்சு அவரக் குடியிருத்துங்க. மத்தப் பக்கம் கோட்டுக்கு வந்து, இவட உரிமை போயிட்டு எண்டு சொல்லட்டும். அப்ப அந்தச் சொல்லுக்குக் கோடு கருத்துச் சொல்லியே ஆகணும்.”

“சொல்லி, அது எனக்கு மாறா இருந்தா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப வீடு போயிரும்” என்றார்.

எனக்குப் பயம். மாப்பிள்ளையின் ராத்தாவுக்கும் பயம். அதனால் கேட்டுப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. பிறக்கிராசியார் ஒரு பத்திரம் தயாரித்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து அதை எடுத்தார்கள். கதிரையில் புதிய நீதிபதி இருந்தார், இளையவர். பத்திரத்தை வாசித்துவிட்டுக் கேட்டார்:

“இதில் எழுத்துப் பிழை ஏதும் உண்டா?”

“எழுத்துப் பிழை இல்லை, ஐயா. ஒரு சொல்லின் கருத்தில் தெளிவு வேண்டித்தான்...”

“தெளிவு என்று சொல்லி நான் தீர்ப்பில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ ஏலாது. எழுதியவரே திரும்பி வந்து இந்தக் கதிரையில் இருந்தாலும் அவருக்கும் ஏலாது. இப்போது இந்தத் தீர்ப்பை யாராவது மீறினார்களா? எதையாவது நிறைவேற்றித் தரச் சொல்லி யாராவது வந்தார்களா?”

“இல்லை, ஐயா. எதிராளி மறுமணம் செய்ய நினைக்கிறார். அதற்கு முன்...”

“நினைப்புக்குக் கோடு கட்டளை தராது.”

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைக்கவும் செய்தார், ஆறுதல் சொல்வதுபோல. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். அது யாரோ நற்பிட்டிமுனைக்காரரின் வயல் வரம்பு.

எனக்குப் பேசிய மாப்பிள்ளை எட்டு மாதம் காத்திருந்தார். அதை நான் மறக்கக்கூடாது. பிறகு அவருடைய ராத்தா வந்து, வாசலோடு நின்று, “குறை நினைக்காதீங்க புள்ள” என்றார். உள்ளே வந்து இருங்கள் என்றேன். வரவில்லை. நான்கு மாதத்தில் அவருடைய தம்பிக்கு நிந்தவூரில் கலியாணம் முடிந்தது என்று கேள்விப்பட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அந்தச் சொல்லை எழுதிய மனிதர் உயிரோடு இருக்கிறார், மட்டக்களப்பில் மகளோடு இருக்கிறார் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த, தமிழ் ஊரிலிருந்து வந்துபோகும் டீச்சர் சொன்னார். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை. என் கதை முழுக்க அறிந்த ஒரே ஆள். “வாங்க டீச்சர், ஒருக்காப் போய்க் கேட்டுப் பாப்பம். நீதிபதி எண்டாலும் மனிசன்தானே” என்றார். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கல்லாறு தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், காற்றில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். என்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் கடைசியில் ஒரே கேள்விதான். ஐயா, நான் ஒருவரோடு வாழலாமா?

அவர் விறாந்தையில் சாறம் உடுத்தபடி இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கோட்டில் பார்த்ததைவிடச் சின்ன மனிதராகத் தெரிந்தார். டீச்சர் எங்களை அறிமுகம் செய்து, வழக்கு என்று தொடங்கியதும் அவர் கையை உயர்த்தினார்.

“பிள்ளை, வழக்கைப் பற்றி என்னட்டைக் கதைக்கக் கூடாது. நான் கேக்கவும் கூடாது.”

“ஒரே ஒரு சொல்லு ஐயா,” என்றேன். “தனித்து எண்டு எழுதினீங்க. அது என்ன கருத்துல எழுதினீங்க எண்டு மட்டும் சொல்லுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

அவர் கனநேரம் என்னைப் பார்த்தார். என்னை ஞாபகப்படுத்த முயல்கிறார் என்று நினைத்தேன். முடியவில்லை என்பதும் அந்த முகத்திலேயே தெரிந்தது. ஒன்றரை வருடம் தவணைக்குத் தவணை அவருடைய முகத்தைப் பார்த்தபடி நின்றவள் நான்.

“எனக்கு அந்த வழக்கு ஞாபகமில்லை,” என்றார். “ஞாபகம் இருந்தாலும் சொல்லேலாது. நான் இண்டைக்கு உங்களுக்கு ஒண்டைச் சொன்னா, நாளைக்கு மற்றப் பகுதியும் வரும். அவைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? கையெழுத்து வைச்ச உடனை அது என்ரை கையை விட்டுப் போயிட்டுது, பிள்ளை. இப்ப நீங்கள் வாசிக்கிற மாதிரித்தான் நானும் வாசிக்கலாம்.”

அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடிக்காமல் எழும்புவது மரியாதை இல்லை என்று குடித்தோம். வாசல் படலை வரை அவரே நடந்து வந்தார்.

“இப்ப எங்கை இருக்கிறீங்கள்?”

“அந்த வீட்டுலதான் ஐயா.”

“அப்ப தீர்ப்பு சரியாத்தான் நடக்குது” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

திரும்பும் வழியில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் போய்வருவதே பயமான காலம் வந்தது. பள்ளிக்கூடம் பல நாள் மூடிக் கிடந்தது. டீச்சர் மாற்றம் எடுத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அந்தக் கதிரையில் நெடுநாள் யாரும் இருக்கவில்லை. வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் தங்கைக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. அவர்கள் அழுவது, அடிபடுவது, ஓதுவது எல்லாம் கேட்கும். எந்தப் பிள்ளைக்குச் சளி என்று இருமலை வைத்தே சொல்வேன். ஆனால் தெருவில் கண்டால் அவர்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாது.

நோன்பு காலம்தான் பொல்லாதது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அந்தப் பக்கம் ஐந்து பேரின் கோப்பைகள் ஒரே நேரத்தில் சத்தமிடும். பேரீச்சம்பழம் யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்று சண்டை நடக்கும். நான் இந்தப் பக்கம் ஒரு கோப்பைக் கஞ்சியோடு இருப்பேன். கரண்டி கோப்பையில் தட்டுப்படாமல் குடிக்கப் பழகிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. நான் தனிய இருக்கிறேன் என்பது அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பேன்.

ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். உம்மாவின் தங்கை, சாச்சி, வந்து ஐந்து நாள் என்னோடு நின்றார். ஆறாம் நாள் காலையில் வேலிக்கு மேலால் தலை தெரிந்தது. “சாச்சி எப்ப போறாங்க?” என்று தங்கையின் மாப்பிள்ளை கேட்டார். சும்மா கேட்ட கேள்வியாகவும் இருக்கலாம். சாச்சி அன்றே போய்விட்டார். காய்ச்சல் இன்னும் விட்டிருக்கவில்லை.

எண்பத்தேழில், எனக்கு முப்பத்தாறு வயதாக இருக்கும்போது, பொத்துவில் பக்கத்திலிருந்து ஒரு புது டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் பெற்று வந்தாள். இருபத்திரண்டு வயது. தினமும் வந்துபோகும் தூரமில்லை. ரோட்டும் சரியில்லை. தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்காமல், வந்து மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய வாப்பா வெளியே மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி, மகளைத் திருப்பிக் கூட்டிப்போவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

“என்ட வீட்டுல ஒரு அறை சும்மா கிடக்கு. வா” என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று உணர்ந்தேன். அந்த ஐந்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட வராத தைரியம் அன்று எப்படி வந்தது என்று கேட்டால், அது தைரியமே இல்லை. வீடு போனால் போகட்டும் என்று எப்போதோ மனதுக்குள் முடிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

அவள் குடிவந்து பத்து நாளில் கோட்டிலிருந்து அறிவித்தல் வந்தது. தீர்ப்பின்படி எதிராளி தனித்து வசிக்கவில்லை, ஆகவே உரிமை முடிந்தது, அவரை எழுப்பித் தென்பகுதியை ஒப்படைத்துத் தரவேண்டும் என்று தங்கையின் பெயரில் மனு. பிறக்கிராசியாருக்கு வயதாகிவிட்டது, அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“வந்துட்டாரு,” என்றார். “இப்ப கோடு வாய் திறக்கும்.”

இந்த முறை கதிரையில் மூன்றாவது நீதிபதி. எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி அந்த ஒரு வரியை உரத்து வாசித்தார். நீதிபதி கேட்டார்:

“தனித்து வசிக்காவிட்டால் உரிமை இழப்பார் என்று இதில் எந்த வரியில் இருக்கிறது?”

சட்டத்தரணி தாள்களைப் புரட்டினார்.

“இல்லை அல்லவா? சரி. நாலாம் பக்கத்தைப் பாருங்கள். அடுப்படியில் நடந்த தகராறு, அறையைத் திறந்த சம்பவம், வழக்காளியின் ஆட்கள் வந்துபோனது எல்லாம் எழுதியிருக்கிறார். இதனால் இரு பகுதியாரும் சேர்ந்து இருப்பது ஒத்துவராது என்கிறார். அதற்குப் பிறகுதான் இந்த வரி வருகிறது. தனித்து என்றால் வழக்காளியின் குடும்பத்தோடு கலவாமல், அவர்களுடைய தலையீடு இல்லாமல் என்பதுதான். ஒரு பெண்ணைச் சாகும்வரை ஆளில்லாமல் இருக்கச் சொல்லி எந்தக் கோடு எழுதும்?”

மனு தள்ளப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நாலாம் பக்கத்தை நான் நூறு தடவை வாசித்திருந்தேன். அவர் சொன்ன மாதிரியேதான் நானும் வாசித்திருந்தேன். நான் வாசித்ததற்கு ஒரு பெறுமதியும் இல்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்து பிறக்கிராசியாரிடம், “இத அண்டைக்கே சொல்லியிருந்தா என்ன குறைஞ்சி போயிருக்கும் ஐயா?” என்று கேட்டேன்.

“அண்டைக்கு நீங்க கொண்டு போனது கேள்வி டீச்சர். இண்டைக்கு அவர் கொண்டு வந்தது வழக்கு.” பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “ஓம், அநியாயம்தான். ஆனா கேட்டவங்களுக்கெல்லாம் கோடு கருத்துச் சொல்லிக்கிட்டு இருந்தா, அவரும் மாசத்துக்கு ஒருக்கா வந்து கேட்டிருப்பாரு. உங்கட தீர்ப்பு ஒரு நாளும் முடிஞ்சிருக்காது.”

அது எனக்கு விளங்கியது. விளங்கியதால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போயிற்று. முதல் நீதிபதி பிழை செய்யவில்லை. இரண்டாமவர் தன் எல்லைக்குள் நின்றார். தங்கையின் மாப்பிள்ளைகூடத் தனக்கு எழுத்தில் கண்டதைத்தான் சொன்னார். ஆறு வருடம் போய்விட்டது, அதை யாரும் எடுக்கவில்லை.

பஸ் தரிப்பில் தங்கை நின்றாள். மாப்பிள்ளை சட்டத்தரணியோடு உள்ளே இருந்தார். முதன்முறையாக அவளே கிட்ட வந்தாள். அவளுடைய நெற்றியில் இரண்டு நரைமுடி இருந்ததைப் பார்த்தேன். என்னைவிட ஏழு வயது இளையவள்.

“ராத்தா.”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“எனக்குத் தெரியாது ராத்தா. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து எண்டு நானும் ஒரு நாளும் கேக்கல்ல. அவர் கையெழுத்து வைக்கச் சொன்னாரு, வச்சன்.”

“அந்தாள் கலியாணம் பேசி வந்தப்ப உனக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“அப்ப நீ என்ன நினைச்ச?”

அவள் முந்தானை நுனியை வாய்வரை கொண்டுபோய், கீழே விட்டாள். “நீங்க முடிப்பீங்க எண்டுதான் நினைச்சன்,” என்றாள். “அவர் சொன்னதுக்காக நீங்க நிப்பாட்டுவீங்க எண்டு நான் நினைக்கல்ல.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவள் மாப்பிள்ளைக்காகக் காத்து நின்றாள். நான் கடற்கரை ரோட்டால் வீடுவரை நடந்தேன். அவள் சொன்னது சரியா என்று நடந்த தூரம் முழுக்க யோசித்தேன். நான் உண்மையில் கோட்டுக்குப் பயந்தேனா, அல்லது இன்னொரு மனிதரை இழக்கப் பயந்து கோட்டைச் சாக்காக வைத்துக்கொண்டேனா என்று. இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அந்தச் சின்ன டீச்சர் ஒன்றரை வருடம் என்னோடு இருந்தாள். நல்ல பிள்ளை, நிறையக் கதைப்பாள். வந்த புதிதில் ஒரு நாள், “ஏன் டீச்சர், எப்பவும் நான் வர முந்தியே சாப்பிட்டுடுறீங்க?” என்று கேட்டாள். அப்போதுதான் அதைக் கவனித்தேன். அவளுக்காகக் காத்திருக்கப் பார்த்தேன். ஆனால் எதிரே ஒருவர் இருந்து சாப்பிடும்போது எங்கே பார்ப்பது, எப்போது கதைப்பது, எப்போது சும்மா இருப்பது எல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். நன்றாகப் பழகிய நேரத்தில் அவளுக்குக் கலியாணம் வந்தது. பொத்துவிலில் அவளுடைய வாப்பா கட்டி வைத்திருந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன அடுத்த மாதம் சாச்சி ஒரு சம்பந்தத்தோடு வந்தார். மருதமுனையில் ஒருவர், கடை வைத்திருப்பவர், பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள்.

“இப்பதான் ஒரு தடையும் இல்லையே. கோடும் சொல்லிட்டு” என்றார் சாச்சி.

“யோசிச்சிச் சொல்றன்” என்றேன்.

சாச்சி இரண்டு நாள் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் கேட்டபோது வேண்டாம் என்றேன். ஏன் என்றார். நான் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். சாச்சி இருந்தும் ஒரு கோப்பைக்கு மட்டும்தான் ஊற்றியிருந்தேன். சாச்சி அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, “சரி மகள்” என்று சொல்லி, தன் சாமான்களை எடுத்துவைக்க அறைக்குள் போனார்.